கிராம் கணக்கு

மேசை மீது ஒரு படகு. நீளம் சுமார் 114 செ.மீ. இன்னும் வர்ணம் பூசவில்லை. பக்கத்தில் சமையலறைத் தராசு. அதில் ஏறியிருப்பது படகு இல்லை, நான்கு திருகாணிகள். எஃகுத் திருகாணியை எடுத்துவிட்டு நைலான் திருகாணி போட்டால் எத்தனை கிராம் மிஞ்சும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் கட்டுபவர். ஆறு கிராம். ஆறு கிலோ எடையுள்ள படகில் ஆறு கிராம் என்ன செய்துவிடும் என்று வெளியாள் சிரிக்கலாம். ரேடியோ மூலம் இயக்கும் ஹைட்ரோபிளேன் மாதிரிப் படகுகளைக் கட்டுகிறவர்கள் சிரிப்பதில்லை. அவர்களில் பலருக்கு விடை பட்டுத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பித்து தலைக்கேறிய ஊர் என்றால், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில். காரணம் சரித்திரம். 1950 ஜூன் 26-ல் அந்த ஊர் வாஷிங்டன் ஏரியில் ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு மணிக்கு 160.3 மைல், அதாவது 258 கி.மீ. வேகத்தில் பாய்ந்து உலக சாதனை படைத்தது. பிரிட்டனின் சர் மால்கம் கேம்பெல் 1939-ல் படைத்திருந்த 141.7 மைல் சாதனை ஒரே காலையில் பழங்கதையானது. படகின் சொந்தக்காரர் ஸ்டான்லி சேயர்ஸ் ஒரு கார் வியாபாரி. வரைந்தவர் டெட் ஜோன்ஸ், கட்டியவர் ஆங்கர் ஜென்சன். அடுத்த மாதமே அந்தப் படகு டெட்ராய்ட் போய் தங்கக் கோப்பையையும் தட்டிக்கொண்டு வந்தது. அதன் பயனாக 1951 போட்டி சியாட்டிலில் நடந்தது. பெரிய தொழில்முறை கூடைப்பந்து அணி அந்த ஊருக்கு வாய்த்தது 1967-ல்தான். அதுவரை ஊருக்கென்று பெருமைப்பட்டுக்கொள்ள இருந்த ஆட்டம் படகுப் பந்தயம்.

ஏரியில் பெரியவர்கள் ஓட்டினால் தெருவில் பையன்கள் சும்மா இருப்பார்களா? பிளைவுட்டை அறுத்து, நாயகப் படகின் வர்ணம் பூசி, கயிற்றில் கட்டி, சைக்கிளுக்குப் பின்னால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். 1950களின் சியாட்டில் தெருக்களில் இது அன்றாடக் காட்சி. அந்தப் படகுகளுக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. தார்ச்சாலையில் தேயாமல் இருந்தால் போதும். பிறகு சைக்கிள் கயிற்றின் இடத்துக்கு ரேடியோ அலை வந்தது, தார்ச்சாலையின் இடத்துக்குத் தண்ணீர் வந்தது. எடைத் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

ஹைட்ரோபிளேன் நிற்கும்போது எல்லாப் படகையும் போல மிதக்கிறது. வேகம் பிடித்ததும் கதை மாறுகிறது. முன்னால் இரு புறமும் துருத்திக்கொண்டிருக்கும் பக்க மிதவைகளின் பின்நுனிகள் இரண்டு, பின்னால் பாதி மூழ்கிச் சுழலும் புரொப்பல்லர் ஒன்று, ஆக மூன்றே இடங்களில்தான் அது தண்ணீரைத் தொடுகிறது. இந்த மிதவைகளை ஸ்பான்சன் என்கிறார்கள். இரண்டு ஸ்பான்சன்களுக்கு நடுவே குகை மாதிரியான இடைவெளி. அதற்குள் புகுந்து சிக்கும் காற்று படகின் வயிற்றைத் தூக்குகிறது. தண்ணீரின் இழுப்பு குறையக் குறைய வேகம் கூடும். வேகம் கூடக் கூட காற்று இன்னும் தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்கு. முக்கால்வாசி விமானம், கால்வாசி படகு என்று சொன்னால் தப்பில்லை.

இதைச் சிறியதாகச் செய்ய நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்வது கணக்கில். மாதிரிகளில் பெரிய வகை, அசலில் எட்டில் ஒரு பங்கு. நீளம் எட்டில் ஒரு பங்கு ஆனால் அகலமும் உயரமும் அப்படியே ஆகின்றன. ஆகவே எடை எட்டில் ஒரு பங்கு ஆனால் போதாது, எட்டை மூன்று முறை பெருக்கி வரும் 512-ல் ஒரு பங்காக வேண்டும். இன்றைய பெரிய பந்தயப் படகு சுமார் 30 அடி நீளம், சுமார் 3 டன் எடை. அதன் சரியான மாதிரி 6 கிலோவுக்குள் முடிந்தாக வேண்டும். பத்தில் ஒரு பங்கு மாதிரி என்றால் 3 கிலோதான். எஞ்சின், எரிபொருள், தண்டு, சுக்கான், ரேடியோ ரிசீவர், பேட்டரி, மரம், பசை, வர்ணம் எல்லாம் அந்த வரம்புக்குள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நான்கு திருகாணிகளின் அர்த்தம் புரியும். மாதிரியில் மிஞ்சும் 6 கிராம் பெரிய படகில் 3 கிலோவுக்குச் சமம். அழகுக்காக இன்னும் ஒரு கை வர்ணம் பூசி 100 கிராம் ஏற்றினால், அது அசல் படகில் 51 கிலோ. ஓட்டுநரோடு இன்னொரு ஆளையும் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போவது போல.

எடை ஒரேயடியாக ஏறுவதில்லை என்பதுதான் இதில் உள்ள வஞ்சகம். தெரியாமல் ஏறுகிறது. எபாக்ஸி பசையை எடுத்துக்கொள்ளலாம். வர்ணத்தில் உள்ள கரைப்பான் உலரும்போது காற்றோடு போய்விடும், எடை கொஞ்சம் குறையும். எபாக்ஸியில் ஆவியாகிப் போக ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் கலந்தது முழுக்கப் படகில் தங்கிவிடும். அதற்காகப் பூசாமலும் இருக்க முடியாது. பூசாத மரம் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு முறை ஏரிக்குப் போய் வரும்போதும் அந்தப் படகு கொஞ்சம் கனத்துத் திரும்பும். எனவே தேர்ந்த கை உள்பக்கம் முழுக்க மெல்லப் பூசி, வெளியே சன்னமான கண்ணாடி இழைத் துணியை விரித்து, பசையை ஊற்றி, பழைய கிரெடிட் கார்டால் வழித்து, மிச்சத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுக்கிறது. துணியின் நெசவு லேசாகத் தெரிந்தால் அளவு சரி. கண்ணாடி போல மின்னினால் பசை அதிகம்.

மரத்திலும் இதே கஞ்சத்தனம். தோலுக்கு 1.5 மி.மீ. பிளைவுட், உள் சட்டங்களுக்கு 3 மி.மீ. என்பது பரவலான வழக்கம். சட்டங்களின் நடுவில் வட்ட வட்டமாகத் துளை போடுகிறார்கள். வளையும் பலகையில் பாரத்தைத் தாங்குவது ஓரங்கள், நடுவில் உள்ள மரம் பெரும்பாலும் சும்மா வருகிற பயணி. ஆனால் எல்லா இடத்திலும் கஞ்சத்தனம் செல்லாது. எஞ்சின் உட்காரும் கட்டை, புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் பின்பலகை, ஸ்பான்சனின் அடிவிளிம்பு ஆகிய மூன்றிலும் எடை பார்த்தவர்கள் படகைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஸ்பான்சனின் விளிம்பு கத்தி போல இருக்க வேண்டும். உப்புத்தாள் தேய்ப்பில் அது மழுங்கினால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு விடாது.

இங்கே ஒரு பழைய சண்டையும் உண்டு. மாதிரி என்றால் அசலைப் போல இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓட்டுநரின் தலைக்கவசம், எஞ்சின் மூடியின் காற்றுவாய், விளம்பரதாரர் பெயர், பின்னால் உயர்ந்து நிற்கும் பெரிய இறக்கை, எதுவும் விடுபடக் கூடாது. ஓடினால்தான் படகு என்பது இன்னொரு கட்சி. அசலுக்கு விசுவாசமாக இருக்க இருக்க எடை ஏறுகிறது. அதிலும் அந்தப் பின் இறக்கை மகா தொல்லை. படகின் கடைக்கோடியில், மிக உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறும் ஒவ்வொரு கிராமும் சமநிலையைப் பின்னாலும் மேலாலும் இழுக்கும். ஆகவே அதைப் பால்சாக் கட்டையிலோ நுரைப் பலகையிலோ செதுக்குகிறார்கள். ஓட்டுநரின் தலையும் நுரைதான். விசுவாசக் கட்சியே தோற்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய படகுகள் இடப்புறமாகத் திரும்பி ஓடுகின்றன. திருப்பத்தில் வழுக்காமல் பிடிக்கும் தகடு அவற்றுக்கு இடது பக்கம். மாதிரிப் பந்தயங்களோ வலஞ்சுழியாக நடக்கின்றன. தகடு வலது பக்கம் போயாக வேண்டும். எத்தனை அசலான மாதிரியும் அந்த ஒரு இடத்தில் பொய் சொல்கிறது.

இவ்வளவு கேட்டபின் எடை குறைந்த படகே வெல்லும் என்று ஒருவர் முடிவு கட்டினால், ஏமாந்தார். எத்தனை கிராம் என்பது பாதிக் கேள்வி. எங்கே என்பது மீதி. ஒரு கிலோ எஞ்சினை இருக்க வேண்டிய இடத்திலிருந்து 10 செ.மீ. பின்னால் வைத்துவிட்டார் ஒருவர். பசை காய்ந்த பிறகு தவறு தெரிகிறது. சரிசெய்ய, சமநிலைப் புள்ளிக்கு 40 செ.மீ. முன்னால், மூக்கில் ஈயக் கட்டி வைக்க வேண்டும். எத்தனை? 250 கிராம். பெரிய படகின் கணக்கில் இது 128 கிலோ. இடம் தவறியதற்கு அபராதம் கால் கிலோ. உப்புத்தாளில் ஒரு மாதம் தேய்த்து மிச்சப்படுத்தியது ஒரு மாலையில் காலி. அதனால்தான் பசை டப்பாவைத் திறக்கும் முன்பே எஞ்சின், தொட்டி, பேட்டரி, ரேடியோப் பெட்டி எல்லாவற்றையும் வெற்றுக் கூட்டின் மேல் பரப்பி வைத்து, இரண்டு விரல் நுனிகளில் தூக்கிப் பார்க்கிறார்கள். பத்து வருட அனுபவஸ்தர்களும் இதை விடுவதில்லை.

சமநிலைப் புள்ளிக்கு ஒரு தோராய வாய்ப்பாடு புழக்கத்தில் உண்டு. ஸ்பான்சனின் பின்நுனியிலிருந்து படகின் வால் வரை உள்ள தூரத்தை நான்காகப் பிரித்து, முதல் கால் பங்கு முடியும் இடத்தை ஒட்டி வைக்க வேண்டும். அதற்கு முன்னால் வந்தால் மூக்கு குனிந்து தண்ணீரை உழும். மிகவும் பின்னால் போனால் மூக்கு நிமிரும். தொட்டியையும் இந்த இடத்தை ஒட்டியே பொருத்துகிறார்கள். அரை லிட்டர் மெத்தனால் சுமார் 400 கிராம். ஓட ஓட அது தீரும். தொட்டி வாலில் இருந்தால், கிளம்பிய படகு ஒன்று, முடிக்கும் படகு வேறொன்று. பேட்டரி மோட்டார்க்காரர்களுக்கு இந்த வம்பு இல்லை. லித்தியம் பேட்டரி தீர்ந்தாலும் எடை மாறுவதில்லை. முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்க்கவும் வசதி.

மூக்கு நிமிர்வது ஏன் இத்தனை பயம்? நிமிர்ந்த மூக்கின் அடியில் இன்னும் அதிகக் காற்று புகும். புகுந்த காற்று இன்னும் நிமிர்த்தும். இந்தச் சுழலுக்கு இடையில் நிற்கும் இடம் கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் படகு வானத்தைப் பார்த்து எழுந்து, மல்லாந்து, தலைகீழாக விழும். மாதிரிப் படகில் போவது பணமும் சில மாத உழைப்பும். பெரிய படகில் உயிர். 62 பந்தயங்களை வென்று சியாட்டில் ரசிகர்களின் தெய்வமாக இருந்த பில் மன்சி, 1981 அக்டோபர் 18-ல் மெக்சிகோவின் அகபுல்கோவில் இப்படித்தான் இறந்தார். அட்லஸ் வான் லைன்ஸ் என்ற அவரது படகு மூக்கு நிமிர்ந்து பின்புறமாகக் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே, 1982 ஜூலை 31-ல், கொலம்பியா நதியில் மிஸ் பட்வைசர் படகை ஓட்டிய டீன் செனோவெத்துக்கும் அதே கதி. அதன் பிறகுதான் திறந்த இருக்கைக்கு முடிவு வந்தது. 1986-ல் மிஸ் பட்வைசரில் எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடி மூடி பொருத்தப்பட்டது. படகுகள் கவிழ்வது நிற்கவில்லை. கவிழ்ந்த படகிலிருந்து ஓட்டுநர் உயிரோடு வெளியே வருவது வழக்கமாயிற்று.

எடையின் இடத்தை மாற்றினால் படகின் குணமே மாறும் என்பதற்கு இந்தியத் தொடர்புள்ள சாட்சி ஒன்று உண்டு. மால்கம் கேம்பெலின் மகன் டொனால்ட், 1955-லிருந்து 1964-க்குள் ப்ளூபேர்ட் கே-7 என்ற ஜெட் ஹைட்ரோபிளேனில் ஏழு முறை உலக சாதனை படைத்தார். கடைசிச் சாதனை மணிக்கு 276.3 மைல். 300-ஐத் தாண்டும் ஆசையில் 1966-ல் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பொருத்தினார். நேட் போர் விமானத்தின் எஞ்சின் அது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதிப் பெயர் வாங்கிய அதே நேட். பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் அந்த விமானத்தையும் எஞ்சினையும் தயாரித்தது. புதிய எஞ்சினுக்கு வலு அதிகம், எடை குறைவு. இரண்டும் நல்ல சேதி போலத்தானே தோன்றுகிறது? ஆனால் கனிஸ்டன் ஏரியில் படகு எழும்பி ஓட மறுத்தது. எடைப் பங்கீட்டை மாற்றியமைத்த பிறகுதான், நவம்பர் கடைசியில், வழிக்கு வந்தது.

1967 ஜனவரி 4. முதல் ஓட்டம் மணிக்கு 297 மைலுக்கு மேல். சாதனைக்கு இரு திசையிலும் ஓட வேண்டும். வழக்கமாக எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அலை அடங்கிய பின் திரும்புவார். அன்று நிரப்பவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. எரிந்துபோன எரிபொருளின் எடை இல்லாத படகு, தன் அலைகளே இன்னும் அடங்காத ஏரியில், முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது. மூக்கு நிமிர்ந்தது. எது முதற்காரணம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். 2001-ல்தான் படகும் அவரது உடலும் ஏரியிலிருந்து மீட்கப்பட்டன.

அடுத்த பத்தாண்டில் அந்தச் சாதனையின் திசை மாறியது. ஆஸ்திரேலியாவின் கென் வார்பி, சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரமும் பிளைவுட்டும் கண்ணாடி இழையும் கொண்டு ஒரு ஜெட் படகைக் கட்டினார். விமானப்படை ஏலத்தில் கழித்துக் கட்டிய எஞ்சினை 69 டாலருக்கு எடுத்தார். 1978 அக்டோபர் 8-ல் ப்ளோவரிங் அணையில் மணிக்கு 511 கி.மீ. அது இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. வார்பி 2023-ல் காலமானார். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிற காரியத்தை உப்புத்தாளும் பசையுமாகச் செய்து முடித்தவர் என்பதால், கொல்லையில் படகு கட்டுகிறவர்களுக்கு அவர் மேல் தனி மரியாதை.

மாதிரிப் படகு ஓட்டுபவருக்கு உயிர்பயம் இல்லைதான். வேறு விதத்தில் அவர் நிலைமை மோசம். பெரிய படகின் மூக்கில் சிறு இறக்கை இருக்கும். மூக்கு லேசாக எழுவதை ஓட்டுநர் முதுகாலேயே உணர்ந்து, காலால் மிதித்து அந்த இறக்கையைச் சாய்க்க முடியும். கரையில் ரேடியோப் பெட்டியோடு நிற்பவருக்கு முதுகு எதையும் சொல்வதில்லை. கண் பார்த்து, கை அசைவதற்குள் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, படகைச் சிறிதாக்கலாம், ஏரியைச் சிறிதாக்க முடியாது. 10 செ.மீ. சிற்றலை இந்தப் படகுக்கு 80 செ.மீ. அலை. வேகக் கணக்கில் எட்டின் வர்க்கமூலம், அதாவது 2.8 மடங்கு. 20 கி.மீ. இளங்காற்று இதற்கு 56 கி.மீ. பெருங்காற்று. நல்ல மாதிரி மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டும். அந்த வேகத்தில் எதிர்காற்று முகத்தில் அறையும்போது, ஒரு மாதமாகக் குறைத்துக் குறைத்து வந்த எடை திடீரென்று வேண்டியதாகிவிடுகிறது. காற்று நாளில் மூக்கில் பத்துப் பத்து கிராமாக ஈயம் ஒட்டுகிறார்கள். பெரிய படகுகளின் பந்தய விதியிலும் எடைக்குக் கீழ்வரம்பு இருக்கிறது, அதற்குக் குறைந்தால் இடமில்லை. மயிலிறகு ஏற்றிய வண்டியின் கதை தெரிந்த நமக்கு, மயிலிறகே குறைந்துபோனால் வரும் ஆபத்து கொஞ்சம் புதிது.

பெரிய படகுகளின் எஞ்சினும் இந்தியர்களுக்கு அந்நியமில்லை. 1980களிலிருந்து பிஸ்டன் எஞ்சின்களை ஓரம்கட்டிய லைகமிங் டி-55 டர்பைன், சினூக் ஹெலிகாப்டரின் எஞ்சின். 2019 முதல் இந்திய விமானப்படையிலும் சினூக் பறக்கிறது. மாதிரி கட்டும் பழக்கம் இங்கே இல்லாததும் அல்ல. என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களின் அகில இந்திய முகாமில் கப்பல் மாதிரி கட்டுவது ஒரு போட்டி. இழைப்புளியும் பசையும் அவர்களுக்குப் பழக்கம். வேகப் படகின் எடைக் கணக்கு அவர்களுக்கு அதிக தூரமில்லை.

ஓட்டம் முடிந்து கரை சேர்ந்த படகில் கடைசியாக ஒரு வேலை பாக்கி. மூடியைச் சுற்றி எத்தனை ஒட்டுநாடா ஒட்டினாலும் எங்கோ ஒரு வழியில் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம். ஈயக் கட்டி வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது. படகு வேகமெடுக்கும்போது அது வாலுக்கு ஓடும், வேகம் தணிந்தால் மூக்குக்கு வரும், திருப்பத்தில் வெளிப்பக்கம் சாயும். கட்டுபவர் அத்தனை மாதம் விரல் நுனியில் தேடிய புள்ளி, ஓட்டத்தின் நடுவே இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே படகைத் துடைப்பதற்கும் முன்னால், பின்பலகையில் உள்ள சிறு அடைப்பானைத் திருகிக் கழற்றி, படகைச் சாய்த்து, வடியும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடிக்கிறார்கள். சிலர் அந்தக் கிண்ணத்தையும் தராசில் வைக்கிறார்கள்.